வேகம் கூட்டிய செயலியும் வேகத்தை ஒப்புக்கொள்ளாத இயங்குதளமும்: வாழைச்சேனையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், 2011இல் சந்தைக்கு வந்த இன்டெல் கோர் ஐ7-2600கே. அதன் பெருக்கியை 34இலிருந்து 45க்கு ஏற்றினால், 100 மெகாஹெர்ட்ஸ் அடித்துடிப்பில் அது 4500இல் ஓட வேண்டும். ஓடவும் செய்கிறது. விண்டோஸின் விவரப் பக்கமோ 3.40 கிகாஹெர்ட்ஸ் என்றே சாதிக்கிறது. “ஏன் மனே, கூட்டினது இதில காட்டல்லையே?” என்பதே இத்துறையின் மூலவினா. மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையில் இதற்கு மூன்று கோட்பாடுகள் உள்ளன: வைரஸ், கள்ள விண்டோஸ், கடைக்காரர். மூன்றையும் இக்கட்டுரை மரியாதையுடன் மறுக்கிறது.

2. சான்றுகள்

அ) பெயர். செயலிக்குள் தொழிற்சாலையே எழுதி வைத்த பெயரில் 3.40 என்ற எண்ணும் உண்டு. இயங்குதளம் அதை வாசிக்கிறது, அளப்பதில்லை. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து ஆளின் நிறையைச் சொல்லும் முறை இது.

ஆ) செயலிக்குள் இருக்கும் துடிப்பெண்ணி. 1993இல் பென்டியத்துடன் வந்தபோது அது ஒவ்வொரு துடிப்பையும் எண்ணியது. பின்வந்த தலைமுறைகளில், நேரம் கணிக்க வசதியாக, பெருக்கி எங்கே போனாலும் மாறாத வேகத்தில் எண்ணுகிறது. அதைக் கேட்டாலும் விடை 3400தான்.

இ) கடிகாரம். ஓடிக்கொண்டிருக்கும்போதே அடித்துடிப்பை மாற்றினால், அதை நம்பி நேரம் கணிக்கும் கடிகாரமும் பிசகும். விண்டோஸ் 8இல் இது நடந்தது. வேகச் சாதனைகளைப் பதியும் எச்டபிள்யூபாட் தளம், 2013 ஓகஸ்டில் விண்டோஸ் 8இல் எடுத்த பெறுபேறுகளைத் தள்ளிவைத்தது.

3. வட்டாரச் சான்று

வேகம் என்பது கடிகாரம் யாருடையது என்பதைப் பொறுத்தது. மட்டக்களப்பு வாவிக்கரைக்கு இது புதுப் பாடமல்ல. 1996 மே மாதம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசு நேரத்தை ஒரு மணி முன்தள்ளியது; ஒக்டோபரில் அரை மணி பின்னிழுத்தது; 2006 ஏப்ரலில் பழைய இடத்திலேயே கொண்டுவந்து விட்டது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தை விடவில்லை; ஒக்டோபருக்குப் பின் வித்தியாசம் அரை மணி. ஆகவே அரசின் பக்கமான எழுவான்கரையில் 9 மணிக்குத் தோணி ஏறி, கால் மணியில் வாவியைக் கடந்தவர், புலிகளின் பக்கமான படுவான்கரையில் 8.45க்கு இறங்குவார். பயண நேரம் மைனஸ் கால் மணி. தோணியின் வேகமும் மைனஸ். தோணிக்காரர் ஓவர்குளொக் எதுவும் செய்யவில்லை. இரு கரைக் கடிகாரங்களும் பொய் சொல்லவுமில்லை.

4. முடிவுகள்

இயங்குதளமும் அவ்வாறே பொய்யுரைப்பதில்லை. யாரைக் கேட்டதோ அவர் சொன்னதைச் சொல்கிறது. உண்மை ஓட்டத்தை அறியச் செயலிக்குள்ளேயே இரு எண்ணிகள் உண்டு. ஒன்று மாறா வேகத்திலும் மற்றது நிகழும் வேகத்திலும் எண்ணும். விகிதத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஆனால் வேலை கொடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது இந்தச் செயலி தானாகவே 1600க்கு இறங்கி இளைப்பாறும். அந்நேரம் பார்த்தவர்களால்தான் நான்காவது கோட்பாடு உருவாகும் அபாயம் உள்ளது.

எண்ணிகளைத் தேடிப்போக விரும்பாதோர் மாத முடிவுவரை பொறுத்திருக்கலாம். கூட்டிய வேகத்துக்குக் கூட்டிய மின்னழுத்தமும் தேவை. கரண்ட் பில் பழைய எண்ணையே காட்டுகிறது என்று எவரும் முறைப்பாடு செய்ததாகத் தெரியவில்லை.