ஒரு கடுதாசிக்கு 44 யானை

அயல்நாட்டு ராஜாவிடம் மாட்டிக்கொண்ட தன் பிரஜையை மீட்க ஓர் அரசாங்கம் என்னவெல்லாம் செய்யலாம்? தூதர் அனுப்பலாம், பரிசு கொடுக்கலாம், பேரம் பேசலாம், கெடு வைக்கலாம், கடைசியில் படையே அனுப்பலாம். 1860களில் பிரிட்டன் அபிசீனியாவில் இவ்வளவையும் செய்தது. வந்த கடிதத்துக்கு ஒரு பதில் போட்டிருந்தால் இதில் எதற்கும் வேலையே இருந்திருக்காது. அதைச் செய்யத்தான் லண்டனில் ஆளில்லை.

கடிதம் எழுதியவர் சக்ரவர்த்தி இரண்டாம் டெவோட்ரோஸ். இன்றைய எத்தியோப்பியாவை அன்று அபிசீனியா என்பார்கள். கஸ்ஸா என்ற பெயரில் பிறந்து, கொஞ்ச காலம் கொள்ளைக் கூட்டத் தலைவராக மலைப்பாதைகளில் தொழில் பழகி, சுற்றியிருந்த சிற்றரசர்களை ஒவ்வொருவராகச் சாய்த்து, 1855இல் முடிசூட்டிக்கொண்ட மனிதர். சாலமோன் ராஜாவின் வம்சம் என்று சொல்லிக்கொண்டார். சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டால் வம்சாவளி தானாகத் தேடி வரும், அது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். சிங்கம் வளர்த்தார். நாட்டை ஒன்றாக்க வேண்டும், அடிமை வியாபாரத்தை ஒழிக்க வேண்டும், பீரங்கி வார்க்க வேண்டும் என்று பெரிய பெரிய ஆசைகள். கோபமும் அதே அளவில்.

1862இல் சார்லஸ் டங்கன் கேமரன் என்ற புது பிரிட்டிஷ் கன்சல் வந்து சேர்ந்தார். விக்டோரியா மகாராணியின் அன்பளிப்பாக ஒரு ஜோடிக் கைத்துப்பாக்கிகளைக் கொடுத்தார். (இந்தத் துப்பாக்கிகளைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.) சக்ரவர்த்தி குளிர்ந்துபோனார். ‘நானும் கிறிஸ்தவன், நீங்களும் கிறிஸ்தவர். துருக்கியர்கள் என் வழியை மறிக்கிறார்கள். உங்களிடம் தூதர் அனுப்ப விரும்புகிறேன், வழி செய்யுங்கள்’ என்ற பொருள்பட அக்டோபர் மாதம் மகாராணிக்கு எழுதிக் கேமரனிடம் கொடுத்தார். கேமரனே நேரில் கொண்டுபோவார் என்பது அவர் நினைப்பு. கேமரனோ கடிதத்தை ஆள் மூலம் அனுப்பிவிட்டு, துருக்கிக்குக் கீழிருந்த எகிப்தியர் ஆண்ட சூடான் எல்லைப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார். எந்தப் பங்காளியைப் பற்றிப் புகார் எழுதினாரோ அந்தப் பங்காளி வீட்டுக்கே!

கடிதம் 1863 பிப்ரவரியில் லண்டன் வந்தது. வெளியுறவு அலுவலகம் அதை இந்திய விவகார அலுவலகத்துக்குத் தள்ளியது. அபிசீனியா இந்தியாவில் இல்லை என்பது இரண்டு அலுவலகத்துக்கும் தெரியும். ஆனால் பதில் சொல்லச் சிக்கலான கடிதத்தை இன்னொரு இலாகாவுக்கு ‘தக்க நடவடிக்கைக்காக’ அனுப்பிவிட்டால் நம் மேஜை சுத்தமாகிவிடும் என்ற ஞானம் நம் தாலுகா ஆபீஸில் பிறந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். கற்றுக்கொடுத்த குருமார்கள் லண்டனில் இருந்தார்கள். தவிர, அமெரிக்காவில் உள்நாட்டுப் போர், பஞ்சு வரத்து நின்றுபோயிருந்தது. எகிப்துப் பஞ்சு தேவைப்படும் நேரத்தில், துருக்கிக்கு எதிராக உதவி கேட்கிற மலைராஜாவுக்கு என்னவென்று எழுதுவது? கடிதம் கிடப்பில் போனது.

அங்கே சக்ரவர்த்தி நாள் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் போயிற்று. கேமரன் திரும்பி வந்தார், பதில் வரவில்லை. அவருடைய உதவியாளர் ஒருவர் லண்டன் தபால்களோடு வந்தார், அதிலும் பதில் இல்லை. அந்தப் புண்ணியவான் கூடவே அன்பளிப்பாக ஒரு கம்பளம் கொண்டுவந்தார். கம்பளத்தில் வேட்டைக்காரன் ஒருவன் சிங்கத்தைச் சுடுகிற படம். வரவேற்பறைக்கு அழகாக இருக்கும் என்று நினைத்திருப்பார். யூதாவின் சிங்கம் என்று பட்டம் கட்டிக்கொண்ட மனிதரிடம் இதைக் கொடுக்கிறோமே என்று தோன்றவில்லை. சக்ரவர்த்தி உற்றுப் பார்த்தார். சிங்கம் நான், சுடுகிறவன் துருக்கியன், பின்னால் நிற்பவன் பிரெஞ்சுக்காரன், ஆங்கிலேயன் எங்கே? படத்தில்கூட எனக்குத் துணைக்கு வரக் காணோமே! கம்பளத்துக்கு உரை எழுத இவரைவிடத் தேர்ந்த புலவர் கிடைக்கமாட்டார்.

இதற்கிடையில் ஸ்டெர்ன் என்ற பாதிரியார் தன் பங்குக்கு நெய் ஊற்றினார். அபிசீனிய யூதர்களைப் பற்றி அவர் 1862இல் வெளியிட்ட பயணப் புத்தகத்தில், சக்ரவர்த்தியின் தாயார் வறுமையில் கொசோ விற்றுப் பிழைத்தவர் என்று எழுதியிருந்தார். கொசோ என்பது வயிற்று நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் பேதி மருந்து. சாலமோன் வம்சத்து ராஜமாதா பேதி மருந்து வியாபாரி! எழுதிவிட்டு அந்த நாட்டுக்கே திரும்பி வந்தார் பாருங்கள், அந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். 1863 அக்டோபரில் ஏதோ வேளை கெட்ட வேளையில் சக்ரவர்த்தியைப் பார்க்கப் போனார். பாதிரியாரின் வேலைக்காரர்கள் இருவரை அடித்தே கொன்றார்கள். அதைக் காணச் சகியாமல் ஸ்டெர்ன் விரலை வாயில் வைத்துக் கடித்தார். அந்த ஊரில் அதற்குப் பழிவாங்குவேன் என்று அர்த்தம். அவருக்கும் அடி விழுந்தது. அப்புறம் பெட்டியைச் சோதித்து, புத்தகத்தைக் கண்டுபிடித்து, மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். விமர்சனம் கடுமையாக இருந்தது.

1864 ஜனவரியில் கேமரனுக்கும் விலங்கு. லண்டனில் கிடப்பிலிருந்த கடிதத்தின் ஞாபகம் அப்போதுதான் வந்தது. மகாராணியின் கையெழுத்தோடு பதில் தயாரானது. கொண்டுபோக ஏடனில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த ஹோர்முஸ்த் ரஸ்ஸாமைத் தேர்ந்தெடுத்தார்கள். மோசூலில் பிறந்தவர், நினிவே மண்மேட்டைத் தோண்டி அசீரிய அரசன் அசூர்பானிபாலின் அரண்மனையைக் கண்டெடுத்தவர். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்த ராஜாக்களோடு பழகிய அனுபவம் உயிரோடிருக்கும் ராஜாவிடம் உதவும் என்று கணக்குப் போட்டார்கள் போலும். செங்கடல் ஓரத்து மசாவாவில் இறங்கி, ‘வரலாமா?’ என்று எழுதிப் போட்டார். இப்போது பதில் போடாமல் இருப்பது சக்ரவர்த்தியின் முறை. ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வெயிலில் காத்துக் கிடந்தார் ரஸ்ஸாம்.

1866 ஜனவரியில் சந்திப்பு நடந்தது. தடபுடல் வரவேற்பு. கைதிகள் விடுதலை. எல்லாரும் மூட்டை கட்டிக் கிளம்பினார்கள். ஏப்ரலில் சக்ரவர்த்திக்கு மனசு மாறியது. விடுதலையானவர்களோடு, விடுவிக்க வந்த ரஸ்ஸாம், கூட வந்த டாக்டர் பிளாங்க், லெப்டினன்ட் பிரிடோ எல்லாரும் உள்ளே. தூதரை மீட்கப் போன தூதரை மீட்க இப்போது ஒரு தூதர் தேவைப்பட்டார்.

அதற்கும் சக்ரவர்த்தியே ஆள் தேர்ந்தெடுத்தார். ஃபிளாட் என்ற ஜெர்மன் மிஷனரி. மனைவி மக்களைப் பிணையாக நிறுத்திக்கொண்டு அவரை லண்டனுக்கு அனுப்பினார். கேட்டது பணமல்ல, கைவினைஞர்களும் இயந்திரங்களும். இந்த ஆசை அவருக்குப் பழையது. பைபிள் விநியோகிக்க வந்த கைவினைஞர்-மிஷனரிகளைக் காபாட் என்ற இடத்தில் குடிவைத்து, ‘பீரங்கி செய்யுங்கள்’ என்றார். தெரியாது என்றார்கள். தெரிந்துகொள்ளும்வரை பொறுமையாக இருக்கும் சுபாவம் அவருக்கு இல்லை என்பதை உணர்ந்ததும் அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சமாதானப் பிரபுவின் ஊழியர்கள் உலை மூட்டி, பல டன் எடையில் ஒரு குட்டைக் குழல் பீரங்கியை வார்த்துக் கொடுத்தார்கள். கிரிமியப் போர் ஞாபகமாக ‘செபாஸ்டபோல்’ என்று பெயர்.

ஃபிளாட் மகாராணியைப் பார்த்தார். பிரிட்டனும் கைவினைஞர்களைத் திரட்டி இயந்திரங்களோடு மசாவாவரை அனுப்பியது. ஆனால் நிபந்தனை: முதலில் கைதிகள் வரட்டும், பிறகு ஆட்கள் வருவார்கள். சக்ரவர்த்தி தரப்பில்: முதலில் ஆட்கள் வரட்டும். ‘நீ முதலில் கொடு, நான் அப்புறம் கொடுக்கிறேன்’ விளையாட்டு முடியாமல், வந்த கைவினைஞர்கள் ஊர் திரும்பினார்கள். கைதிகள் மக்தலா மலைக்கோட்டையில் கால் விலங்கோடு உட்கார்ந்திருந்தார்கள். ரகசியத் தூதுவர்கள் கடற்கரையிலிருந்து பணம் கொண்டுவந்து கொடுக்க, வேலைக்காரர்களை வைத்துக்கொண்டார்கள், தோட்டம் போட்டார்கள், காய்கறி விளைவித்தார்கள். அதே மலையில் அபிசீனியக் கைதிகள் நூற்றுக்கணக்கில் கிடந்தார்கள். அவர்களுக்காகக் கடிதம் எழுத எந்த ராணியும் இல்லை. கடைசி நாட்களில், குடிவெறியில், அவர்களில் பலரைச் சக்ரவர்த்தி மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொன்றார்.

1867 ஆகஸ்டில் லண்டன் மந்திரிசபை படையெடுக்க முடிவெடுத்தது. பிடிபட்ட பிரிட்டிஷ்காரர்கள் கைவிரலில் எண்ணிவிடக்கூடியவர்கள், மற்றவர்கள் பிற ஐரோப்பியர்கள். அவர்களை மீட்க பம்பாய்ப் படைத் தளபதி ராபர்ட் நேப்பியர் தலைமையில் 13,000 சிப்பாய்கள், 26,000 எடுபிடிகள், 40,000க்கும் மேற்பட்ட மிருகங்கள், அவற்றில் 44 யானைகள். மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவினரும் போனார்கள். மெட்ராஸுக்கும் கொசோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. செலவிலும் பங்கு உண்டு: இந்தியத் துருப்புகளின் வழக்கமான சம்பளத்தை இந்தியாவே கொடுக்கட்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தாராளமாக முடிவு செய்தது. ஒரிசாவில் பஞ்சம் லட்சக்கணக்கானவர்களை விழுங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அங்கே நேரத்துக்கு அரிசி கொண்டுபோகாத அரசாங்கம் இங்கே யானை கொண்டுபோகக் கப்பல் பிடித்தது.

சூலா கடற்கரையில் இறங்கினால் குடிக்கத் தண்ணீர் இல்லை. கப்பல் கொதிகலன்களில் கடல்நீரைக் காய்ச்சி வடித்தார்கள். கோவேறு கழுதைகள் தாகத்திலும் நோயிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ரயில் பாதை போட்டார்கள். பம்பாயிலிருந்து வந்த தண்டவாளங்கள் ஒன்றோடொன்று பொருந்த மறுத்தன. வழியில் தீவனம் வாங்க மரியா தெரசா வெள்ளிக்காசு வேண்டும், 1780இல் செத்துப்போன ஆஸ்திரிய ராணியின் முகம் போட்டது. உயிரோடிருக்கும் விக்டோரியாவின் காசை அங்கே சீந்துவாரில்லை.

ஏறக்குறைய 400 மைல் மலைப்பாதையில் நேப்பியர் ஒரு பக்கமிருந்து ஏறினார். மறுபக்கமிருந்து சக்ரவர்த்தி பாறையை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டே செபாஸ்டபோலை இழுத்து வந்தார். சக்ரவர்த்திதான் முதலில் வந்தார். 1868 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி. அரோகே சமவெளியில் சண்டை. பாதிரிகள் வார்த்த பெரும் பீரங்கிகளில் ஒன்று வாய் திறந்த உடனே வெடித்துச் சிதறியது. புது ஸ்னைடர் துப்பாக்கிகளுக்கு முன்னால் சுமார் 700 அபிசீனியர்கள் மடிந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் இருவர்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் கைதிகள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். வேலைக்காரர், ஆடு மாடு, தட்டுமுட்டுச் சாமான் சகிதம், ஜாகை மாற்றுகிறவர்களைப் போல. வந்த காரியம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஈஸ்டர் விருந்துக்கென்று சக்ரவர்த்தி 1,000 மாடுகளும் 500 ஆடுகளும் அனுப்பினார். வாங்கிக்கொண்டால் சமாதானம் என்று பொருள். நேப்பியர் வாங்கவில்லை. இவ்வளவு செலவழித்து யானை ஏற்றி வந்துவிட்டு, கோட்டையைத் தொடாமல் போனால் நன்றாகவா இருக்கும்?

ஏப்ரல் 13 அன்று கோட்டை வாசலுக்கு ஓடினார்கள். போன பிறகுதான், கதவைத் தகர்க்க வெடிமருந்தும் ஏற ஏணியும் எடுத்துவர மறந்தது தெரிந்தது. அரைக் கண்டத்துப் பொதிமாடுகளைத் திரட்டி வந்த படை! பெர்கின் என்ற நெட்டைச் சிப்பாய் மேக்னர் என்ற முரசுக்காரனைத் தூக்கிவிட, சுவரேறிக் குதித்தார்கள். இருவருக்கும் விக்டோரியா கிராஸ். உள்ளே சக்ரவர்த்தி கேமரன் கொண்டுவந்த அந்தத் துப்பாக்கிகளில் ஒன்றால் தன்னைச் சுட்டுக்கொண்டு கிடந்தார். மகாராணியிடமிருந்து அவருக்குத் தாமதமில்லாமல் வந்து சேர்ந்த ஒரே பொருள்.

அப்புறம் சூறை. பிரிட்டிஷ் மியூசியம் முன்யோசனையாகத் தன் ஆளைப் படையோடு அனுப்பியிருந்தது. தேவாலயத்துக் கிரீடம், சுவடி, சிலுவையெல்லாம் ஏலம் போட்டார்கள். சுமக்க 15 யானைகளும் ஏறக்குறைய 200 கோவேறு கழுதைகளும் வேண்டியிருந்தன. சக்ரவர்த்தியின் மகன், ஏழு வயது அலெமாயெஹுவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அயல்நாட்டில் சிக்கியவர்களை மீட்க வந்த படை, போகிறபோது ஒரு சிறுவனை அயல்நாட்டுக்குக் கொண்டுபோனது. 18 வயதில் இங்கிலாந்திலேயே செத்தான், விண்ட்சர் கோட்டையில் புதைத்தார்கள். உடலைத் திருப்பிக் கொடுங்கள் என்ற கோரிக்கையை 2023இல் பக்கிங்காம் அரண்மனை மறுத்தது. அவனைத் தோண்டினால் பக்கத்தில் உறங்குபவர்களுக்குத் தொந்தரவாகுமாம்.

செய்தி லண்டனுக்கு எப்படிப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க் ஹெரால்டு நிருபர் ஹென்றி ஸ்டான்லி, சூயஸ் தந்தி ஆபீஸ் ஊழியரை ஏற்கெனவே கவனித்து வைத்திருந்தார். அவர் செய்தி முதலில் போயிற்று. அடுத்தாற்போல் கேபிள் அறுந்தது. வெற்றிச் செய்தியை பிரிட்டிஷ் அரசாங்கமே பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டது.

20 லட்சம் பவுண்டில் முடியும் என்ற செலவு கிட்டத்தட்ட 90 லட்சத்தில் நின்றது, வருமான வரி ஏறியது. நேப்பியர் ‘மக்தலா பிரபு’ ஆனார். கேமரன் பென்ஷன் வாங்கி இரண்டே வருஷத்தில் கண்ணை மூடினார். ரஸ்ஸாம் 5,000 பவுண்டு பெற்றுக்கொண்டு, பதில் எதிர்பார்க்காத பழைய ராஜாக்களிடமே திரும்பிப் போய் மறுபடி தோண்ட ஆரம்பித்தார். ஒரு புத்தகம் எழுதியதால் நாலரை வருஷம் விலங்கோடு கிடந்த ஸ்டெர்ன் பாதிரியார், ஊர் வந்து சேர்ந்த அதே 1868இல் அபிசீனியாவைப் பற்றி இன்னொரு புத்தகம் வெளியிட்டார்.