பாட்டில் வீசும் உத்தியோகம்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல். 1966இல் மிஹிர் சென் அதை 25 மணி நேரத்துக்கு மேல் நீந்திக் கடந்தார். 1994இல் குற்றாலீசுவரன் கடந்தபோது அவருக்கு வயது 12. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் கோடியக்கரைக்கு நீந்தி வந்தவர், வந்த வழியே நீந்தி ஊர் திரும்பினார். மொத்தம் 51 மணி நேரம். இதெல்லாம் பொது அறிவுப் புத்தகங்களிலேயே இருக்கிறது. அந்த 51 மணி நேரமும் பக்கத்துப் படகில் உட்கார்ந்திருந்த ஆத்மாக்களைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

"நீ சும்மா படகுல உட்கார்ந்து வந்தா போதும் மாப்ளே" என்றுதான் அதே கடலை நீந்தக் கிளம்பிய நண்பன் கூப்பிட்டான்.

சும்மாவின் முதல் பகுதி வாசலின். உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காகத் தோலோடு தோல் உரசினால் புண்ணாகிவிடும் என்பதால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று அப்ப வேண்டும். விடிவதற்கு முன், டார்ச் வெளிச்சத்தில், ஒரு குடும்பஸ்தனுக்கு நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது படகோட்டி அண்ணன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவன் தண்ணீரில் இறங்கிய பிறகு யாரும் அவனைத் தொடக் கூடாது. அவனும் படகைத் தொடக் கூடாது. தொட்டால் நீந்தியது கணக்கில் சேராது. ஆகவே அரை மணிக்கொரு தடவை, வெந்நீரில் கரைத்த மாவுச்சத்துப் பொடியைப் பாட்டிலில் அடைத்து, கயிறு கட்டி வீசுவேன். அவன் மிதந்தபடியே குடித்துவிட்டுப் பாட்டிலைக் கைவிடுவான். நான் கயிற்றைச் சுருட்டுவேன். "தூண்டிலு போடுறீக, மீனு குடிச்சுட்டுப் போயிருது" என்றார் அண்ணன்.

படகு ஓடினால் வயிறு தாங்கும். நீந்துகிறவன் போவதோ மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர். அந்த வேகத்தில் படகு ஓடுவதில்லை, இருந்த இடத்தில் ஆடுகிறது. நான் சாப்பிட்ட வாழைப்பழத்தைக் கடல் கால் மணி நேரத்தில் திருப்பிக் கேட்டது. அதையும் நண்பன் இல்லாத பக்கமாகப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இடையிடையே அவன் நிமிடத்துக்கு எத்தனை கை போடுகிறான் என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும். எண்ணிக்கை சட்டென்று குறைந்தால் ஆபத்து. என் கையெழுத்தை வைத்துப் பார்த்தால் ஆபத்து படகில்தான் இருந்தது.

உடம்பில் நீர்ச்சத்து போதுமான அளவு இருக்கிறதா என்று தெரிய ஒரே வழி கேட்பதுதான். எனவே பாக் நீரிணையின் நட்டநடுவில் எழுந்து நின்று, "யூரின் போனியாடா?" என்று கத்தினேன். புத்தி தெளிவாக இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். கல்யாண நாளைக் கேட்பதில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம். கரையில் இருக்கும்போதே அவனுக்கு அது தெரியாது.

சொறி மீன் பட்டுத் தோள் தடித்தபோது அவன் கேட்டது மருந்து அல்ல, பிராந்தி. 1875இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்த கேப்டன் மாத்யூ வெப்புக்குப் படகிலிருந்து பிராந்தி கொடுத்தார்களாம். சரித்திரம் படித்தவர்களோடு கடலுக்குப் போகக் கூடாது. சுக்குத்தண்ணி அனுப்பினேன்.

பாதி வழியில், சுற்றிலும் எந்த அடையாளமும் இல்லாத இடத்தில், அண்ணன் ஜி.பி.எஸ்ஸைப் பார்த்து "பார்டரு" என்றார். "நாங்க மீனு பின்னாடி வந்து இதத் தாண்டுனா உள்ள வைக்கிறாய்ங்க, போட்டும் போயிரும். தம்பி ஒண்ணுமே புடிக்காம தாண்டுறாரு, கரையில மாலையோட நிக்கிறாய்ங்க." இரண்டு நாட்டு அனுமதிக் கடிதங்களும் பிளாஸ்டிக் உறையில் என் மடியில்தான் இருந்தன. அவற்றைப் பைக்குள் வைத்தேன்.

"இன்னும் எவ்வளவுடா?" என்று அவன் கேட்டால் உண்மையைச் சொல்லக் கூடாது என்பது துணைக்குப் போகிறவர்களின் பால பாடம். "ரெண்டு கிலோமீட்டர்" என்றேன். அடுத்த அரை மணியில் கேட்டபோதும் ரெண்டு. அதற்கடுத்தும் ரெண்டு. நான்காம் முறை கேட்கவில்லை. நான்கைந்து கெட்ட வார்த்தைகளைச் சரியான உச்சரிப்பில் சொன்னான். "புத்தி தெளிவு" என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

தனுஷ்கோடியின் அரிச்சல்முனைத் தூண் கண்ணுக்குத் தெரிந்த பிறகு நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பக்கவாட்டில் இழுத்தது. ஒரு மணி நேரமாகத் தூண் கொஞ்சமும் பெரிதாகவில்லை. அதுவரை கேலி பேசிய அண்ணன் இப்போது எழுந்து நின்று, "தம்பி, வடக்கால போடுங்க, வடக்கால!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒருவழியாக மணலில் கால் பட்டு, யாரும் தொடாமல் நடந்து கரையேறினான். கைதட்டல் படகு வரை கேட்டது. நாங்கள் ஆழத்திலேயே நங்கூரம் போட்டிருந்தோம்.

அண்ணன் பீடி பற்றவைத்தார். "எம்புட்டு குடுப்பாக தம்பிக்கு?"

"காசெல்லாம் கிடையாதுண்ணே. படகு வாடகையிலிருந்து எல்லாம் அவன் கைக்காசு."

வெகுநேரம் யோசித்தார். பிறகு என்னைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார்.

"நீங்களாச்சும் சம்பளத்துக்குத்தான வந்தீக?"