கருப்பசாமியும் கெஜட்டும்

ஜீயபுரம் பக்கத்தில் சாமிக்குச் சாப்பாடு போடுவதில் இரண்டு கணக்கு உண்டு. பங்குனியில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் பல்லக்கேறி இங்கே ஆஸ்தான மண்டபத்துக்கு வருவார். ஆற்றோடு போன பேரன் ரங்கனை நினைத்து அழுத பாட்டியிடம், அந்தப் பேரனாகவே வந்து பழையது சாப்பிட்டவர் அவர் என்பது கதை. அதனால் அவருக்குப் பழைய சோறு, கீரை, மாவடு. இந்த இலையில் எந்த அரசாங்கமும் கை வைத்ததில்லை. வம்பெல்லாம் வாழைத்தோப்பு ஓரம் அரிவாளோடு நிற்கிற கருப்பசாமிக்குத்தான். அவர் கிடா கேட்கிற ஆள்.

1950-ல் குமாரசாமி ராஜா முதலமைச்சர். சாமி பேரைச் சொல்லி வாயில்லா ஜீவனை வெட்டுவது அநாகரிகம் என்று படித்தவர்களுக்கு ஒரு கவலை. கவலை மசோதா ஆனது, சட்டமன்றத்தில் நிறைவேறியது, ஒப்புதல் வாங்கியது, கெஜட்டில் ஏறியது. விலங்குகள், பறவைகள் பலியிடல் தடைச் சட்டம் பிறந்தாயிற்று. நடைமுறையில் ஒரு குறை சொல்ல முடியாது. சம்பந்தப்பட்ட கருப்பசாமிக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. அவருக்குக் கெஜட் வாங்கும் வழக்கமும் இல்லை.

கோயிலிலும் அதன் வளாகத்திலும் பலியிடக் கூடாது என்பதுதான் சட்டத்தின் சாரம். அதே கிடாயைக் கசாப்புக் கடையில் வெட்டினால் வியாபாரம்; கோயில் வாசலில் வெட்டினால் குற்றம். கிடாய்க்கு இதில் என்ன லாபம் என்று எந்த உறுப்பினராவது கேட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் கிடாயைக் கேட்காமல் வெட்டுவதில்லை. மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும், சிலுப்பினால் சம்மதம். சிலுப்பாவிட்டால் இன்னும் ஒரு சொம்பு தண்ணீர். சிலுப்பும் வரை தண்ணீர். ஆளுங்கட்சி மசோதாவுக்குச் சபையில் நடக்கும் குரல் வாக்கெடுப்பும் ஏறக்குறைய இதே மாதிரிதான். அங்கே மஞ்சள் கிடையாது.

53 வருஷம் சட்டம் பீரோவில் தூங்கியது. நடுவில், 1960-ல், மத்திய அரசு மிருகவதைத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் 28-வது பிரிவு, மத வழக்கப்படி வெட்டுவது இந்தச் சட்டத்தின் கீழ் குற்றமல்ல என்கிறது. டெல்லி சரி என்றது, சென்னை தப்பு என்றது. திருச்சி இரண்டையும் படிக்கவில்லை. புத்தூர் குழுமாயி அம்மன் கோயிலில் மாசி மாதம் குட்டிக்குடித் திருவிழா என்றால், மருளாளி ஆட்டுக்குட்டிகளின் ரத்தத்தைக் குடிப்பதைப் பார்க்கத் தெருவே திரண்டு நிற்கும். ஒளிவுமறைவு எதுவும் கிடையாது.

2003-ல் திருச்சி பக்கத்துக் கோயில் ஒன்றில் சுமார் 500 எருமைகளைப் பலி கொடுத்ததாகச் செய்தி வந்தது. முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குக் கோபம் வந்தது. புதுச் சட்டம் போட வேண்டிய வேலையே இல்லை, பழசைத் தூசி தட்டினால் போதும். ஆகஸ்டில் கலெக்டர்களுக்கும் போலீஸ் அதிகாரிகளுக்கும் உத்தரவு பறந்தது. கோயில்களில் அன்னதானத் திட்டத்தை முந்தின வருஷம்தான் தொடங்கியிருந்தார். கோயில் யானைகளுக்கு முதுமலையில் புத்துணர்வு முகாம் நடத்தியதும் அதே 2003-ல்தான். யானைக்கு ஓய்வு, ஏழைக்குச் சாம்பார் சாதம், கருப்பசாமிக்குப் பத்தியம்.

கோயில் வாசலில் காக்கிச்சட்டை வந்து நின்றதும்தான் ஊர்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரிந்தது. நேர்ந்துவிட்ட கிடா கொட்டிலில் தின்று கொழுத்தது. நேர்ந்தவருக்குத் தூக்கம் போனது. அரசாங்கத்திடம் வாய்தா வாங்கலாம், கருப்பசாமியிடம் வாங்க முடியுமா? பெரிய கோயில் சாமி சைவம் என்பதால் எங்கள் சாமியும் சைவமாக வேண்டுமா என்று கட்சிகளும் நாட்டார் வழக்காற்றை ஆய்ந்தவர்களும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சட்டத்தை அசைத்தது அந்தக் கேள்வி அல்ல, காலண்டர். அடுத்த வருஷம் மக்களவைத் தேர்தல்.

2004 பிப்ரவரியில், கிராம மக்களின் உணர்வை மதித்து, அந்தச் சட்டத்தையே ரத்து செய்து அவசரச் சட்டம் வந்தது. எருமைகள் மேல் இருந்த கவலை ஆறே மாதத்தில் ஓட்டுக்கு இடம் மாறிவிட்டது. பிறப்பதற்கு அத்தனை சடங்கு தேவைப்பட்ட சட்டம் சாவதற்கு ஆளுநரின் ஒரு கையெழுத்து போதுமாயிருந்தது. பேரவையின் சம்மதத்தை அப்புறம் வாங்கிக்கொண்டார்கள். மே மாதம் தேர்தல் நடந்தது; அ.தி.மு.க.வும் கூட்டாளி பா.ஜ.க.வும் தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் தோற்றன. இதில் கருப்பசாமியின் பங்கு எவ்வளவு என்று தேர்தல் ஆணையம் தனியாக எண்ணவில்லை.

2011-ல் ஜெயலலிதா ஸ்ரீரங்கம் தொகுதியில் நின்றார். ஜீயபுரமும் அதில்தான் வருகிறது. நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். 1950-ம் வருஷத்துச் சட்டத்தை மறுபடி யாரும் எழுப்பவில்லை. ஆகவே யாராவது கிடாவெட்டுக்குக் கூப்பிட்டால், சட்டத்தைக் காரணம் காட்டி நழுவ முடியாது. மொய்ப் பணத்தோடு போய்ச் சேருங்கள்.