பாலாகக் கொட்டும் அருவி

கேள்வி: பயணங்களில் வாட்டர்கலரில் வரைவது என் வழக்கம். ஒகேனக்கல் அருவி மட்டும் பாலைக் கொட்டிய மாதிரியே வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், பென்னாகரம்

பதில்: அருவியை விடுங்கள், பாறையை வரையுங்கள். தண்ணீர் விழும் இடத்தில் வெள்ளை மெழுகு கிரேயானைக் கரகரவென்று தேய்த்துவிட்டு, மேலே கருஞ்சாம்பல் வண்ணத்தைப் பூசுங்கள். மெழுகின் மேல் வண்ணம் ஒட்டாது. தண்ணீரை விரட்டித் தண்ணீரை வரைகிற வித்தை இது! ஈரம் காயுமுன் சிட்டிகை உப்பு தூவினால் பாறைக்குச் சொரசொரப்பும் வந்துவிடும். காய்ந்ததும் தட்டிவிடுங்கள். அந்த உப்பை மீன் வறுவல்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

வெடிப்புகளுக்கு நீரில் கரையாத மைப்பேனா. பரிசலில் ஏறினால் பென்சில் மட்டும் போதும். பரிசல்காரர் ஒரு சுற்று சுற்றிவிட்டால் கியூபிசம் தானாக வரும்.

உங்களுக்கு முன்னோடிகளும் உண்டு. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் உடன்பிறந்தவர் மகன் வில்லியமும் 1792-ல், அன்று பாராமகால் எனப்பட்ட நம் பக்கம் வந்து இராயக்கோட்டையை வரைந்தார்கள். காட்சியைக் காகிதத்தில் விழவைக்கும் கேமரா அப்ஸ்கியூரா அவர்களிடம் இருந்தது, அதைச் சுமக்க ஆட்களும் இருந்தார்கள். ஊர் திரும்பி 144 படங்களோடு ‘ஓரியண்டல் சீனரி’ வெளியிட்டார்கள். நாம் அதைச் சொல்லிப் பெருமைப்படலாம் என்று பார்த்தால், 2004-ல் நம் தர்மபுரி மாவட்டம் பிரிந்தபோது இராயக்கோட்டை கிருஷ்ணகிரியோடு போய்விட்டது!