கட்டில் தேடி வரும் சட்டம்

விபத்தில் அடிபட்டவர் நம் ஊரில் வக்கீலைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அமெரிக்காவில் 1977-ல் உச்ச நீதிமன்றமே வக்கீல் விளம்பரத்துக்கு வழிவிட்டது. பாவம், அங்கே காலொடிந்தவர் நெடுஞ்சாலைப் பலகையை அண்ணாந்து பார்த்து நம்பரைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்திய பார் கவுன்சிலின் 36-ஆவது விதியோ விளம்பரத்தைத் தடை செய்கிறது. ஆகவே, கண்ணியமாக, ஆளே நேரில் வந்துவிடுகிறார்.

எக்ஸ்ரே வருவதற்கு முன்பே வருகிறார். கையில் ஆப்பிள் பை, சட்டைப்பையில் மடித்த வக்காலத்து. "அண்ணே, எஃப்.ஐ.ஆர். காப்பிய நான் வாங்கிக்கிறேன். நீங்க இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க." வலது கையில் மாவுக்கட்டா? இடது பெருவிரல் போதும். மைப்பெட்டியும் அவரிடமே உண்டு. வீட்டுக்கு இன்னும் தகவலே போயிருக்காது.

இழப்பீட்டில் பங்கு பேசுவதை 20-ஆவது விதி தடுக்கிறது. அதனால் யாரும் பங்கு பேசுவதில்லை. தீர்ப்பாயப் பணம் வங்கியில் விழும் நாளில் 'செலவு' என்றுதான் பேசுகிறார்கள்.

நம் உச்ச நீதிமன்றம் 2009-ல் வகுத்த இழப்பீட்டுக் கணக்கில் வருமானத்தைப் பெருக்கும் எண் 25 வயதுக்காரருக்கு 18, 66 வயதுக்காரருக்கு 5. விபத்துக்கு உத்தேசித்திருப்போர் காலத்தே முடித்துக்கொள்வது நலம்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு மட்டும் ஆப்பிள் வரவில்லை. அவரை இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டது. பலத்த காயமானாலும் அரசுத் திட்டத்தில் 50,000 ரூபாய்தான். தனக்குப் பிடித்த வக்கீலை அவர் நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.