கேளுங்கள், சொல்கிறேன்: பன்றிக் கொட்டகையில் இரண்டு கிருமிகள்

கேள்வி: 2023 தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக் கம்போங் செலாமாட் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்றதும் வீட்டில் ஒரே கலவரம். அது நமக்கும் தொற்றுமா?
– இல்லத்தரசி, தாசேக் கெலுகோர்

பதில்: தொற்றாது அம்மா. 1921இல் கென்யாவில் அந்தக் கிருமியைப் பற்றி முதன்முதலில் எழுதினார்கள். அன்று முதல் இன்று வரை பன்றி இனத்தையும் அதைக் கடிக்கும் ஒருவகை உண்ணியையும் விட்டு அது வெளியே வந்ததில்லை. மண் விழுந்தது பண்ணைக்காரர்களின் பிழைப்பில்தான். ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயந்ததைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் 1999ஐப் பார்த்தவர்கள்.

கேள்வி: 1999இல் மட்டும் பன்றியிடமிருந்து மனிதருக்கு எப்படி வந்தது?
– ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், கெப்பாலா பத்தாஸ்

பதில்: அது வேறு கிருமி ஐயா, நிப்பா என்ற வைரஸ். 1998இல் ஈப்போ பக்கம் தொடங்கி, நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வரை போனது. மூளைக்காய்ச்சல் என்றதும் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் என்று முடிவுகட்டினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள்.

கணக்கு உதைத்தது அங்கேதான். ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். அதே வட்டாரத்தில், அதே கொசுக்கடிக்கு நடுவே வாழ்ந்த மலாய்க் குடும்பங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? பன்றிகளும் ஊரே கேட்கும்படி இருமிக்கொண்டிருந்தன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். கண்ணாடிக் குப்பியில் வளர்த்த செல்கள் ஒன்றோடொன்று கரைந்து பெரும் செல்களாகத் திரண்டிருந்தன. மாதிரிகளை அமெரிக்க ஆய்வகத்துக்கே கொண்டுபோய் உறுதிசெய்தார். அதற்குப் பிறகுதான் சண்டை சரியான எதிரியோடு நடந்தது. மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 உயிரைக் குடித்த நோய் அது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்த பிறகே அடங்கியது. தொடக்கத்தில் கை நழுவிய அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

கேள்வி: இவ்வளவு சிறிய கிருமி செல்லுக்குள் எப்படி நுழைகிறது?
– ஐந்தாம் படிவ மாணவி, தாசேக் கெலுகோர்

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. நிப்பாவின் மேலே ஒரு கொழுப்பு உறை. அதில் இரண்டு வகைப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ‘ஜி’ புரதம் பிடிப்பதற்கு, ‘எஃப்’ புரதம் துளைப்பதற்கு. ‘ஜி’ எதைப் பிடிக்கிறது என்பது 2005இல் தெரியவந்தது: எஃப்ரின்-பி2 என்ற புரதம். அது நம் இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்பு செல்களிலும் இருக்கிறது. நிப்பா ஏன் மூளையைத் தாக்குகிறது என்பதற்கான விடையில் பெரும்பகுதி இதுதான்.

‘ஜி’ பிடித்ததும், பட்டனைத் தட்டினால் விரியும் மடக்குக் குடைபோல் ‘எஃப்’ நீண்டு செல்லின் சவ்வில் குத்துகிறது. குத்தியதோடு இரண்டு சவ்வையும் இழுத்து ஒன்றாக்கிவிடுகிறது. உள்ளே இறங்குவது 18,246 எழுத்துள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை. அதில் ஆறே மரபணுக்கள். அந்த எண்ணை ஆறால் வகுத்துப் பார், மீதி வராது. இழையைப் போர்த்தியிருக்கும் ஒவ்வொரு புரதமும் சரியாக ஆறு எழுத்தை மூடுவதால், ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் படி எடுக்கும் வேலை கெட்டுவிடும்! எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

அந்த இழையை நம் செல்லால் நேரடியாக வாசிக்க முடியாது. எழுத்து எதிர்மறையாக இருக்கிறது. ஆகவே படி எடுக்கும் நொதியைக் கிருமி தன்னோடே கொண்டுவருகிறது. அது எடுத்துக் கொடுக்கும் நேர்ப்படியைப் பார்த்து நம் ரைபோசோம்கள் கிருமிக்குப் புரதம் செய்து தருகின்றன. புதுக் கிருமிகள் செல்லின் சவ்வையே உறையாகப் போர்த்திக்கொண்டு வெளியேறும். தாக்கப்பட்ட செல்லின் மேலும் ‘ஜி’, ‘எஃப்’ முளைப்பதால் அது பக்கத்துச் செல்லோடு ஒட்டிக் கரைகிறது. டாக்டர் சுவா குப்பியில் கண்டது அதைத்தான்.

கம்போங் செலாமாட் கிருமி இதற்கு எதிர்க்கோடி: டி.என்.ஏ. வகை, 150க்கு மேல் மரபணுக்கள். இருந்தும் மனிதரிடம் அதன் பாச்சா பலிக்கவில்லை. கிருமியின் ஆற்றல் அதன் பருமனில் இல்லை, யாரைப் பிடிக்க முடிகிறது என்பதில் இருக்கிறது.

கேள்வி: வைரஸுக்கு உயிர் உண்டா, இல்லையா?
– அதே மாணவியின் தம்பி

பதில்: வெளியே கிடக்கும்போது தின்னாது, வளராது, மூச்சு விடாது. செல்லுக்குள் போனால் குடும்பம் பெருகும். அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என் தீர்ப்பு: உயிரை இரவல் வாங்கிப் பிழைப்பது.

கேள்வி: வைரஸ் காய்ச்சலுக்குக் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கேட்டால் டாக்டர் தர மறுக்கிறாரே?
– பட்டவர்த் வாசகர்

பதில்: அவர் செய்வது சரி. அந்த மருந்துகள் பாக்டீரியாவின் சுவரையும் ரைபோசோமையும் அடிப்பவை. வைரஸிடம் இரண்டும் இல்லை. அடிப்பதற்கு என்ன இருக்கிறது? நிப்பாவுக்கு இன்னும் அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசியோ மருந்தோ வரவில்லை. சவர்க்காரம் அதன் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும் என்பது மட்டும் நமக்குச் சாதகம்.

கேள்வி: எங்கள் ரம்புத்தான் தோட்டத்துக்கு இரவில் பழந்தின்னி வௌவால்கள் வருகின்றன. விரட்டிவிடட்டுமா?
– தோட்டக்காரர், தாசேக் கெலுகோர்

பதில்: வேண்டாம் அண்ணே. நிப்பாவின் இயற்கை வீடு அந்த வௌவால்தான், உண்மை. தியோமான் தீவு வௌவால்களின் சிறுநீரிலும் அவை கடித்துப் போட்ட பழத்திலும் கிருமியைக் கண்டிருக்கிறார்கள். ஈப்போ பக்கத்துப் பண்ணையில் கொட்டகையை ஒட்டி நின்ற பழமரங்கள் வழியாகவே அது பன்றிக்குப் போனது என்பது ஆய்வாளர்கள் வந்துசேர்ந்த முடிவு. ஆனால் டுரியான் பூவுக்கு மகரந்தம் சுமப்பவையும் வௌவால்கள்தாம். கடிபட்ட பழத்தைத் தின்னாதீர்கள், ஆடுமாடுகளுக்கும் போடாதீர்கள். விழுந்த பழத்தைப் பொறுக்கிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சலென்று மருத்துவமனைக்குப் போனால், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், எந்த விலங்கோடு பழகுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.