அன்சப்ஸ்கிரைப் புராணம்

மிக்ஸி ஜாருக்கு ஒரு வாஷர் வாங்கினேன். சின்ன ரப்பர் வளையம், விலை 49 ரூபாய். தெருமுனைக் கடையில் அந்த அளவு இல்லை என்றதால் இணையத்தில் வாங்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அந்தக் கடைக்கும் எனக்கும் பூர்வஜென்ம பந்தம் இருப்பதுபோல் தினமும் மெயில். ‘உங்கள் வாஷர் எப்படி இருக்கிறது?’ ‘இந்த வாஷரை வாங்கியவர்கள் இவற்றையும் வாங்கினார்கள்’ என்று மேலும் ஒரு டஜன் வாஷர். இன்று காலை வந்ததுதான் உச்சம்: ‘உங்களைப் பார்த்து நாளாயிற்று. எங்களை மறந்துவிட்டீர்களா?’ என் சொந்தத் தம்பி இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதற்கெல்லாம் ஒரு சட்டம் வேண்டாமா என்ற கொதிப்பில்தான் எழுத உட்கார்ந்தேன். சட்டத்தால் இந்தக் குப்பையை ஒழிக்க முடியுமா, முடியாதா? கட்டுரை முடிவதற்குள் இரண்டில் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் முயன்று பார்த்தார்கள். 1978 மே மாதம் கேரி துவெர்க் என்ற கம்ப்யூட்டர் விற்பனையாளர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி இந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டார். நாடு முழுமைக்கும் சட்டம் வர 2003 டிசம்பர் ஆயிற்று. ‘கேன்-ஸ்பாம்’ என்று பெயர். அனுப்பாதே என்று அது சொல்லவில்லை. தலைப்பில் பொய் எழுதாதே, முகவரியைப் போடு, விலகிக்கொள்ள ஒரு வழி வை, பிறகு அனுப்பிக்கொள் என்றது. வேண்டாம் என்று சொன்னவருக்குப் பத்து வேலை நாளுக்குள் நிறுத்தினால் போதும். வணிக மெயிலுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடெல்லாம்; கட்சிகள் நன்கொடை கேட்டு அனுப்புவதற்குக் கிடையாது. சட்டம் எழுதியவர்கள் யார் என்பதை நினைவில் வைத்தால் வியப்பு வராது. ‘எனக்கு அனுப்பாதீர்கள்’ என்பவர்களுக்கு ஒரு பட்டியல் வைக்கலாமே என்ற யோசனையையும் 2004-இல் அங்குள்ள வர்த்தக ஆணையம் கைகழுவிவிட்டது. அந்தப் பட்டியலே அனுப்புகிறவன் கையில் சிக்கினால், உயிரோடிருக்கும் முகவரிகளை நாமே தட்டில் வைத்துக் கொடுத்ததாகிவிடுமாம். அதே ஆண்டு ஜனவரியில் பில் கேட்ஸ், இரண்டே வருடத்தில் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று டாவோஸில் சொல்லியிருந்தார். பெரிய மனிதர், ஏதோ நல்ல மனசில் சொன்னார்.

அந்த விலகும் வழி இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெயிலின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில், எறும்பு படிக்கிற அளவில் ‘அன்சப்ஸ்கிரைப்’ என்றிருக்கும். அதை அமுக்குவது, சித்தி வீட்டிலிருந்து கிளம்புவது மாதிரி. “கிளம்பறேன் சித்தி” என்றதும் “அதுக்குள்ளயா?” என்பாள். இங்கே: ‘நிச்சயமாகவா?’ ஆமாம் என்றால், “ஏன், நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?” இங்கே: ‘காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்.’ அடிக்கடி வருகிறது, எனக்குத் தேவையில்லை, நான் பதிவே செய்யவில்லை, மற்றவை. நான் ‘மற்றவை’க்குள் போய் மனம்விட்டு, நல்ல தமிழில், விரிவாக எழுதினேன். ஏற்க முடியாத எழுத்துகள் என்று சிவப்பில் வந்தது. “சரி, தினம் வர வேணாம், வாரத்துக்கு ஒரு தரமாவது எட்டிப் பாரு” என்பாள் சித்தி. இங்கேயும் வாரம் ஒருமுறை என்று ஒரு வட்டம், அதையே தேர்ந்தெடுத்தும் வைத்திருப்பார்கள். சித்தி பையைப் பிடுங்கி உள்ளே வைத்துவிடுவாள். இங்கே லாகின் செய்யச் சொல்வார்கள். பாஸ்வேர்ட் யாருக்கு ஞாபகம்? அதை மாற்ற ஓடிபி. அந்த ஓடிபியும் ஒரு மெயில். “பஸ் பத்தரைக்குத்தானே, உட்காரு” என்பார் சித்தப்பா. இங்கே: ‘உங்கள் விருப்பம் நடைமுறைக்கு வரச் சில நாட்கள் ஆகலாம்.’ லட்சம் பேருக்கு அனுப்ப ஒரு நொடி, ஒருத்தனுக்கு நிறுத்தச் சில நாட்கள்! செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் அரை மணி நேரம் நிற்போமே, அதற்கும் இங்கே இடமுண்டு. ‘உங்களைப் பிரிவதில் வருத்தம்’ என்று ஒரு மெயில். அதில், தவறுதலாக விலகிவிட்டீர்களா என்று ஒரு பச்சைப் பொத்தான், தோசைக்கல் அகலத்தில். ஒருவழியாகத் தப்பித்தோம் என்றால், நான் விலகியது ‘ஆஃபர்’களிலிருந்து மட்டுமாம். ‘பரிந்துரைகள்’, ‘செய்திமடல்’, ‘பண்டிகை வாழ்த்துகள்’ எல்லாம் தனித்தனி. சித்தியிடம் சொன்னால் போதாது. பெரியம்மா, அத்தை, மாடியில் குடியிருப்பவர் எல்லாரிடமும் சொல்ல வேண்டும். சித்தியாவது போகும்போது ஒரு பொட்டலம் முறுக்கு கொடுப்பாள்.

எங்கே விட்டேன்? சட்டம்.

நம் நாட்டில் போனுக்கு டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. விளம்பர அழைப்பு வேண்டாம் என்று சொல்ல 1909 என்ற எண் இருக்கிறது. அதற்குப் பிறகும் மத்தியானத் தூக்கத்தில் பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்கிறார்கள் என்பது வேறு. மெயிலுக்கு அதுவும் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. தொல்லை கொடுக்கவோ, அனுப்பியவர் யார் என்பதில் ஏமாற்றவோ மெயில் அனுப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை. படிக்கும்போதே எனக்கு வயிறு குளிர்ந்தது. மாட்டியது யார் தெரியுமா? 2012-இல் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்தபோது மும்பையில் நடந்த கடையடைப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு பெண்ணும், அதற்கு லைக் போட்ட அவர் தோழியும். ‘கோடி ரூபாய் பரிசு விழுந்திருக்கிறது’ என்று எழுதிய எந்த மகானும் அந்தப் பிரிவில் உள்ளே போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பிரிவையே ரத்து செய்தது. சரியான தீர்ப்புதான். மகான்களுக்கும் நிம்மதி.

உருப்படியாக ஒன்று நடந்தது 2008 நவம்பரில். கலிபோர்னியாவில், குப்பை மெயில்காரர்களுக்கு இடம் கொடுத்திருந்த மெக்கோலோ என்ற ஒரு நிறுவனத்துக்கு இணைய இணைப்பு கொடுத்தவர்கள் அதைத் துண்டித்தார்கள். உலகத்தின் குப்பை மெயிலில் பாதிக்கு மேல் ஒரே நாளில் காணோம். சட்டமில்லை, சம்மனில்லை, பிளக்கைப் பிடுங்கினார்கள், அவ்வளவுதான். சில மாதங்களில் குப்பை மெயில்காரர்கள் வேறு எங்கோ பிளக்கை மாட்டிக்கொண்டார்கள்.

நம் நாட்டுக்கே திரும்புவோம். 2024 மார்ச்சில், தேர்தல் நடத்தை விதி வந்த பிறகும் ஜனங்களின் வாட்ஸ்அப்பில் மத்திய அரசின் ‘விக்சித் பாரத்’ செய்தி வந்துகொண்டிருக்க, அதை நிறுத்தும்படி தேர்தல் ஆணையம் உத்தரவு போட்டது. உத்தரவு போனது தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு! முன்பே அனுப்பியவைதாம், நெட்வொர்க் வரம்புகளால் சில தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று பதில் வந்தது. குப்பை மெயிலுக்கு நாளைக்கே ஒரு சட்டம் வந்தாலும் அதைக் கொண்டுவர வேண்டிய அமைச்சகம் இதுதான்.

என் கைவசம் ஒரு வரைவு இருக்கிறது. ஒரே ஒரு பிரிவு. மெயில் அனுப்பும் நிறுவனத்தின் எம்.டி., தன் வீட்டு போன் நம்பரை ஒவ்வொரு மெயிலிலும் தலைப்புக்கு மேலே கொட்டை எழுத்தில் போட வேண்டும். எந்நேரமும் கூப்பிடலாம். வைத்துவிட நினைத்தால் அவர் காரணம் சொல்ல வேண்டும். இதை மேலிடத்துக்கு அனுப்பிவைப்போம் என்று, பொதுமக்கள் கருத்துக் கேட்கும் ஓர் அரசுத் தளத்தைத் திறந்தேன். கருத்துச் சொல்ல முதலில் பதிவு செய்ய வேண்டுமாம். பதிவு செய்ய மெயில் ஐடி வேண்டுமாம். அடியில், அறிவிப்புகளைப் பெற எனக்குச் சம்மதம் என்ற கட்டத்தில், நான் போவதற்கு முன்பே டிக் போட்டு வைத்திருந்தார்கள்.